சித்தப்பாவின் காம்ஷாஃப்ட்

எங்கள் வகுப்புக் குழுவில் போன மாதம் வந்த படத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மாப்பிள்ளை பொம்பிளை ஏறிப்போன பழைய ஏ-ஃபோட்டிக் கார். கறுப்புப் பூச்சு, முன்னால் மல்லிகைச் சரம். ஆளுக்காள் கைதட்டும் பொம்மை போட்டீர்கள். "அந்தக் காலத்துக் கார்களின் தரமே தனி" என்று வெளிநாட்டில் இருக்கும் ஒருத்தர் எழுதினார். அந்தக் கார் எங்களுடையது. பின்கதவில் கைபிடிக்குக் கீழே ஒரு நெளிவு இருக்கிறதே, அது என் அப்பா இடித்த நெளிவு. உடனே பதில் எழுதத் தொடங்கி, அழித்து, மறுபடி எழுதி, எழும்பிப் போய்த் தேத்தண்ணி வைத்து, அதைக் குடிக்கவும் மறந்து, கடைசியில் ஒன்றும் எழுதவில்லை. நேற்று எங்கள் வீட்டு வாசலில் ஒரு காரியம் நடந்தது. இனி எழுதாமல் இருந்தால் எனக்குத் தலை வெடித்துவிடும். குழுவில் போடுவதற்கு நீளம் கூடத்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தரமாம் தரம். அந்தக் கார்கள் எப்படி ஓடின என்று உங்களுக்குத் தெரியாதா? சண்டைத் தடையால் பெற்றோல் குடாநாட்டுக்குள் வராத வருடங்கள் அவை. நாங்கள் எல்லோரும் மண்ணெண்ணெய்ப் புகைக்குள் வளர்ந்த பிள்ளைகள். கண்மருந்துப் போத்தலில் சேமித்து வைத்த பெற்றோலை எஞ்சினின் வாய்க்குள் சொட்டுச் சொட்டாக விட்டு, முன்னால் கம்பியைக் கொடுத்துச் சுழற்றினால், அது இருமி எழும்பும். எழும்பியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். பிறகு வெள்ளைப் புகை. பள்ளிக்கூடச் சட்டை மணக்கும், சோறு மணக்கும், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் விரிக்கும் வேதப்புத்தகமும் மணக்கும்.

ஓடிய வாகனங்கள் குறைவு. அதனால் ஒவ்வொன்றின் சத்தமும் எங்களுக்குப் பாடம். போதகரின் கார் சளி பிடித்தவர் மாதிரிக் கனைத்துக்கொண்டு வரும். சங்கக்கடை லொறிக்கு ஒரு விசில் சத்தம் உண்டு. யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று பார்க்க நாங்கள் எழும்பத் தேவையில்லை. எங்கள் வீட்டில் ஒருவர் மட்டும் எழும்புவார். அது என் சித்தி.

கொழும்புத்துறையில், கடல் காற்று நேரே வந்து அடிக்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்தோம். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலிசு படிப்பித்தார். அம்மா வீட்டையும் கோயில் மாதர் சங்கத்தையும் நடத்தினார். எனக்குப் பத்து வயது. அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, வெளிநாடு போகிறேன் என்று கொழும்புக்குப் போனவர். கொழும்பு போய்ச் சேர்ந்ததாக ஒரு கடிதம் வந்தது. பிறகு ஒன்றும் இல்லை. வயிற்றில் பிள்ளையோடு சித்தி எங்களுடன் வந்து இருந்தார். ஒழுங்கையில் எந்த வாகனம் திரும்பினாலும் அவர் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போவார். அவசரத்தில் ஒரு காலில் செருப்பு இருக்கும், மற்றக் காலில் இருக்காது. திரும்பி வரும்போது முகத்தை யாருக்கும் காட்டமாட்டார்.

சித்தப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். கார்ப் பைத்தியம். பிரச்சினைகள் பெருக்க முதல் தெற்கே போய்ப் பந்தயங்கள் ஓடினவர். அவருடைய காரும் எங்களுடையதைப் போல ஏ-ஃபோட்டிதான். ஆனால் எஞ்சினுக்குள் வேறு சாமான்கள். பந்தயக்காரர் ஒருவர் பாவித்துக் கழித்ததை வாங்கிப் பூட்டியிருந்தார். அந்தக் கார் நின்ற நிலையில் ஓடும்போது சீராக ஓடாது. இதோ நிற்கப்போகிறது என்று நினைக்கும்போது ஒரு குலுக்குக் குலுக்கி மூச்சு எடுக்கும். மறுபடி நிற்கப்போகும், மறுபடி எடுக்கும். சித்தியைக் கலியாணம் பேசியிருந்த நாட்களில் அவர்கள் வீட்டு வாசலில் போய் நிற்பாராம். ஹோண் அடிக்கமாட்டார். சித்தி செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே வரும்வரை எஞ்சினை நிறுத்தவும் மாட்டார். கலியாணத்துக்குப் பிறகும் அதே பழக்கம்.

பயணத்துக்காகக் காரை விற்றார். விற்பதற்கு முதல் தன் சாமான்களைக் கழற்றி எடுத்துவிட்டு, கார் பிறந்தபோது இருந்த பழைய சாமான்களைத் திருப்பிப் பூட்டிக் கொடுத்தார். கழற்றியவை எண்ணெய்த் தாளில் சுற்றி ஒரு பெரிய பிஸ்கட் தகரத்துக்குள் சித்தியின் கட்டிலுக்குக் கீழே இருந்தன.

பனம்பழம் விழத் தொடங்கிய நேரம் எங்கள் காருக்கு இழுவை போயிற்று. ஆளை ஏற்றினால் அரைவாசித் தூரத்தில் இறக்கித் தள்ளவேண்டும். குருநகரில் வள்ளங்களின் எஞ்சின் திருத்தும் மெக்கானிக் ஒருவர் வந்து மூடியைக் கழற்றினார். சித்தப்பாவின் பந்தயக் காலத்துக் கூட்டாளி அவர். மண்ணெண்ணெய்ச் சூட்டில் வால்வுகள் ஓரம் கருகி உடைந்த அப்பம் போல் இருந்தன. புது வால்வு குடாநாடு முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. அதே கிழமைதான் சித்தியைச் சோதித்த டொக்டர், பிள்ளை சரியான வளத்தில் இல்லை, தலை கீழே திரும்பவில்லை, நோக்காடு கண்டவுடன் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும், வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடாது என்று சொல்லியிருந்தார். அம்மாவுக்கு அன்றிலிருந்து ஒரே கேள்வி. கார் எப்போது ஓடும்?

அப்பா சித்தியிடம் தகரத்தைக் கேட்டார். சித்தி யோசிக்கவே இல்லை. "எடுங்கோ அத்தான். அவர் வந்தால் புதிசு தேடிப் போடுவார்தானே" என்றார்.

முற்றத்தில் சாக்கை விரித்து எல்லாவற்றையும் பரப்பினார்கள். வால்வுகள் எங்களுடையதைவிட அகலம். ஒன்றுக்குள் ஒன்றாக இரட்டைச் சுருள்வில்லுகள். கடைசியாக வந்தது காம்ஷாஃப்ட். வால்வுகளைத் தள்ளித் திறக்கிற, முட்டை முட்டையாகப் புடைப்பு வைத்த தண்டு. மெக்கானிக் அதைத் துடைத்து வெயிலுக்குப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வால்வை மட்டும் மாத்தினால் கார் ஓடுமோ ஓடாதோ?" அம்மா கேட்டார்.

"ஓடும் அக்கா. ஏன் ஓடாது? ஆனா..."

"பிறகென்ன ஆனா?"

"தண்டையும் சேர்த்துப் போட்டமெண்டால் இதின்ரை கதையே வேறை. இழுவையைப் பாக்கோணும் நீங்கள்."

"பிள்ளைப்பெறுவுக்குக் கொண்டுபோறதுக்கு என்ன இழுவை? மாட்டுவண்டில் சவாரியே ஓடப் போறியள்?"

அப்பா வாய் திறந்தார். "கெதியாப் போகலாமல்லே."

"உந்த றோட்டிலை? கிடங்குக்கை கிடங்கு. இஞ்சேருங்கோ, வால்வை மட்டும் பூட்டுங்கோ. நான் சொல்லுறன்."

"எல்லாம் ஒண்டா ஓடின சாமான். பிரிச்சுப் போடக்கூடாது" என்று அப்பா சொல்லிவிட்டு எழும்பிப் போய்விட்டார். இங்கிலிசு வாத்தியாருக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும் என்று அம்மா சமையலறையில் பாத்திரங்களிடம் கேட்டார்.

வால்வு மட்டும் என்றால் ஓரிரு நாளில் முடிந்திருக்கும். தண்டு மாற்றுவதென்றால் எஞ்சினின் முன்பக்கம் முழுவதையும் பிரிக்கவேண்டும். பிரித்தார்கள். பிறகு மெக்கானிக்குக் கடல்வேலை வந்துவிடும், வரமாட்டார். கார் பக்கத்துக் கொட்டிலில் வயிறு திறந்தபடி கிடக்கும். சித்தியின் வயிறு ஒரு பக்கம், காரின் வயிறு மறுபக்கம் என்று அம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்துப் புறுபுறுத்தார். அப்பா பள்ளிக்கூடத்தால் வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கொட்டிலுக்குப் போவார், வீட்டுக்குள் வருவார், யன்னலால் மழை வருமோ என்று பார்ப்பார், மறுபடி கொட்டிலுக்குப் போவார். மழைக்காலமே இல்லை அது. நானும் ஒரு இடத்தில் இருக்கவில்லை. வீடு முழுக்க ஒரு பறப்பு.

வால்வுகளை அவற்றின் இருக்கைகளில் வைத்து அரைக்கும் வேலையை நான் கேட்டு வாங்கினேன். நுனியில் றப்பர்க் கிண்ணம் வைத்த ஒரு தடி. கிண்ணத்தால் வால்வைக் கவ்விப் பிடித்து, கறுத்த அரைபசை பூசி, உள்ளங்கைகளுக்கு நடுவில் தடியை மத்துப் போல உருட்டவேண்டும். முதலில் மணல் மிதிபடுகிற மாதிரி ஒரு கரகரப்பு. நேரம் போகப் போகச் சத்தம் மெலிந்து வழவழப்பாகும். சித்தி பக்கத்தில் பலகைக்கட்டை போட்டு இருந்து பார்ப்பார். "உது என்ன செய்யிறது? உது எந்தப் பக்கம் போறது?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். புருசன் இத்தனை வருடம் கதைத்ததை இப்போதுதான் கேட்கிற மாதிரி. அந்தத் தண்டு ஓடினால் என்ன சத்தம் வரும் என்று நாங்கள் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சித்தப்பாவின் காரின் சத்தம் இந்தத் தண்டால்தான் வந்தது என்று எனக்குத் தெரியாது. ஆண்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் அம்மா மாதர் சங்கத்துக்குப் போயிருந்தார். சித்தி சாப்பிட்டுவிட்டு உள்ளே படுத்திருந்தார். மெக்கானிக் சவர அலகுகளை அளவுக்கு அடுக்கி வைத்து வால்வுகளின் கடைசி இடைவெளியையும் சரிபார்த்தார். அப்பா போத்தலால் பெற்றோல் விட்டார். மெக்கானிக் கம்பியைச் சுழற்றினார். இருமல், புகை, ஒன்றும் இல்லை. மறுபடி. மறுபடி. பிறகு திடீரென்று ஒரு அலறல். மெக்கானிக் எதையோ திருகிக் குறைத்தார். எஞ்சின் இறங்கி, நிற்கப்போய், ஒரு குலுக்குக் குலுக்கி மூச்சு எடுத்தது.

"மாஸ்ரர்! கேட்டியளோ? அவன்தான்! அவன்தான்!" மெக்கானிக் சிரித்தார். கண்ணால் தண்ணீர் ஓடியது. அப்பா காருக்குள் இருந்தார். கண்ணை மூடி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்திருந்தார்.

சித்தி வெளியே வந்தார். அந்த வயிற்றோடு ஒருவர் அப்படி ஓட முடியும் என்று நான் நினைத்திருக்கவில்லை. ஒரு காலில் செருப்பு. கொட்டிலுக்கு வரவில்லை. எங்களைப் பார்க்கவுமில்லை. எங்களைக் கடந்து நேரே வாசலுக்கு ஓடி, படலையைத் திறந்து, ஒழுங்கையில் போய் நின்றார். ஒழுங்கை வெறுமையாகக் கிடந்தது. இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பினார். சத்தம் தனக்குப் பின்னால் இருந்து, எங்கள் கொட்டிலுக்குள் இருந்து வருகிறது என்று அவருக்கு விளங்கியதை நான் பார்த்தேன்.

அப்பாவும் அந்த முகத்தைப் பார்த்தார். பார்த்த பயத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டார்.

"ஏன் நிப்பாட்டினனீங்கள்?" சித்தி கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. "அத்தான், ஏன் நிப்பாட்டினனீங்கள்?" கேட்டபடியே படலையைப் பிடித்துக்கொண்டு கீழே இருந்துவிட்டார். பாவாடை நனைந்து மண்ணில் தண்ணீர் பரவியது. பிள்ளைக்கு இன்னும் நாள் இருந்தது.

நான் ஓடிப்போய் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். சித்தியைக் காரில் ஏற்றினார்கள். அம்மாவும் நானும் மெக்கானிக்கும் கூட ஏறினோம். சூடேறின எஞ்சின் இலேசில் பிடிக்கவில்லை. போத்தலில் இருந்த கடைசித் துளியும் போயிற்று. அயலவர்கள் வந்து தள்ளி, ஒழுங்கை முடிகிற இடத்தில் அது அலறிக்கொண்டு எழும்பியது. எழும்பினால் மட்டும் போதுமா? அது பறப்பதற்குச் செய்த சாமான். வேகமாகச் சுழன்றால்தான் அதற்குச் சீவன். கால் தளர்ந்தால் செத்துவிடும், அதுவும் மண்ணெண்ணெயில். எங்கள் றோட்டிலோ கிடங்குக்குக் கிடங்கு மெதுவாக்கவேண்டும். அப்பா மெதுவாக்கினால் கார் குலுங்கும், அமத்தினால் சித்தி குலுங்குவார். ஒரு இடத்தில் வெட்டித் திருப்பும்போது பின்கதவு மதிலோடு உரசியது. நெளிவு அதுதான். கடலோரத் திருப்பத்தில் ஒரு பெரிய கிடங்கில் இறங்கி ஏறும்போது எஞ்சின் நின்றது. கம்பியைச் சுழற்றிச் சுழற்றி மெக்கானிக்கின் கை தோல் உரிந்தது. போத்தலைக் கவிழ்த்து உதறினார்கள். ஒரு துளி வரவில்லை.

"நான் சொன்னனான்" என்று அம்மா சொல்லவில்லை. அவர் சித்தியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அப்பாவுக்கு இன்னும் வலித்திருக்கும்.

வெறும் மீன்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஒரு லாண்ட்மாஸ்ரர் வந்தது. வயல் உழுகிற, இரண்டு சில்லு உழவுயந்திரம். பின்னால் பெட்டி கொழுவியிருந்தது. ஓட்டியவர் எங்களைப் பார்த்ததும் ஒரு கேள்வியும் கேட்காமல் பெட்டிகளைத் தூக்கி றோட்டோரம் எறிந்தார்.

"ஏத்துங்கோ அக்கா. மீன் மணம்தான், குறை நினையாதேங்கோ."

டக்கு டக்கு என்று, ஒரே சீராக, நடக்கிற ஆளைவிடக் கொஞ்சம் கெதியாக அது போயிற்று. சித்தியும் அம்மாவும் பெட்டிக்குள். அப்பா பக்கத்தில் வெயிலுக்குக் குடையை நீட்டிப் பிடித்தபடி ஓடினார். ஒவ்வொரு கிடங்கிலும் அது மெல்ல இறங்கி மெல்ல ஏறியது. நிற்கவே இல்லை. அது கண்ணுக்கு மறையும்வரை மெக்கானிக்கும் நானும் காருக்குப் பக்கத்தில் நின்றோம்.

பிள்ளை பிழைத்தது. பெண்பிள்ளை, ஒரு கையில் அடங்குகிற அளவு. டொக்டர்மார் அம்மாவிடம், இன்னும் சுணங்கியிருந்தால் இரண்டு உயிரும் இல்லை என்றார்களாம். அப்பா அடுத்த நாளே தண்டைக் கழற்றத் தொடங்கினார். காரின் பழைய தண்டைத் திருப்பிப் பூட்டி, சித்தப்பாவின் வால்வுகளை மட்டும் விட்டார். கார் பூனைக்குட்டி மாதிரி ஓடியது. அம்மா முதலிலேயே சொன்ன வேலை. காம்ஷாஃப்ட் எண்ணெய்த் தாளுக்குள் போய்த் தகரம் கட்டிலுக்குக் கீழே போயிற்று. அதைப் பற்றி வீட்டில் யாரும் கதைக்கவில்லை. சித்தி மட்டும் ஒருநாள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு அம்மாவிடம் சொன்னார்: "அத்தான் நிப்பாட்டாமல் விட்டிருக்கலாம் அக்கா. கொஞ்ச நேரம் ஓடியிருக்கும்."

இரண்டு ஆண்களின் வேகப் பைத்தியத்தால் வந்த வினை என்று அம்மா சாகும்வரை சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இப்போது அன்றைய அப்பாவைவிட எனக்கு வயது கூட. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்திருந்த அந்த மனிதரை நினைக்கும்போது, ஆஸ்பத்திரிக்குக் கெதியாகப் போகிற எண்ணம் அவருக்குக் கொஞ்சமும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. வாகனச் சத்தம் கேட்டால் சித்தி வாசலுக்குப் போனார். அப்பா யன்னலுக்குப் போனார், மழை பார்க்க. தம்பி வந்து வாசலில் நிற்கிற சத்தத்தை ஒருமுறை கேட்கவேண்டும் என்று அந்த மனிதருக்கு ஆசை. அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல் இழுவை என்றார், சாமானைப் பிரிக்கக்கூடாது என்றார். தகரத்தைக் கேட்டு வாங்கியவர் சத்தத்தையும் சொல்லியிருந்தால், சித்தி பக்கத்தில் பலகைக்கட்டை போட்டு இருந்து அதையும் கேட்டிருப்பார். எனக்கு இதில் கோபமும் வருகிறது, அழுகையும் வருகிறது. எது முதலில் என்று தெரியவில்லை.

சித்தப்பா வரவில்லை. இன்றுவரைக்கும்.

நீங்கள் கைதட்டிய படத்தை நான் என் தங்கச்சிக்கு, அந்தக் கையடக்கப் பிள்ளைக்கு, அனுப்பினேன். நோர்வேயில் இருக்கிறாள். லீவில் வந்தவள் நேரே, எங்களிடமிருந்து கைமாறிப்போன அந்தக் காரை வைத்துக் கலியாண வாடகைக்கு ஓடும் பொடியனிடம் போனாள். தண்டைத் திருப்பிப் பூட்டுவதற்குக் கட்டிலுக்குக் கீழே இருந்த தகரமும் அவளோடு போயிற்று. எனக்குப் பிறகுதான் தெரியும்.

"அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ அக்கா. திடீரெண்டு வாசலிலை கொண்டந்து விடுவம்" என்றாள்.

"உனக்கென்ன விசரோ?" நான் போட்ட சத்தத்தில் அவள் பயந்துபோனாள். அப்போதுதான் அவளுக்கு அவள் பிறந்த கதையைச் சொன்னேன். மீன்பெட்டி மட்டும்தான் அவளுக்குத் தெரிந்திருந்தது.

நான் போய்ச் சித்தியிடம் கேட்டேன். இப்போது என்னோடுதான் இருக்கிறார். முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். தகரம், தண்டு, கார், எல்லாவற்றையும் சொல்லி, கொண்டுவரட்டோ வேண்டாமோ என்று கேட்டேன். அவர் உருவுவதை நிறுத்தவில்லை. ஒரு நெட்டு முழுவதும் முடிந்த பிறகு, "எத்தினை மணிக்கு வரும்?" என்றார்.

நேற்றுப் பின்னேரம். நான்தான் நிலைகொள்ளாமல் உள்ளுக்கும் வெளிக்கும் நடந்தேன். சித்தி கதிரையில் இருந்தார். ஒழுங்கை முனையிலேயே கேட்டது. நிற்கப்போய், குலுக்கி, மூச்சு எடுத்து. கார் வந்து வாசலில் நின்றது. தங்கச்சிக்கு நான் சொல்லி வைத்திருந்தேன், ஹோண் அடிக்கவில்லை.

சித்தியின் கால் கதிரைக்குக் கீழே துழாவியது. ஒரு செருப்பைப் போட்டார். மற்றதையும் தேடிப் போட்டார். படலைவரைக்கும் மெல்ல நடந்து போய், அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். தங்கச்சி தாயின் முகத்தைப் பார்த்துப் பயந்து எஞ்சினை நிறுத்தத் திறப்பில் கை வைத்தாள்.

"நிப்பாட்டாதை பிள்ளை" என்றார் சித்தி. "இப்ப பெற்றோல் இருக்குத்தானே. ஓடட்டும்."